தவில் இல்லாத அட்டை

அந்தப் பின்னேரம் கிளிநொச்சியில் எங்கள் அச்சகத்துக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அச்சு மெஷினை ஓட்டுகிற மெஷின் அண்ணை. மற்றவர் சுவரொட்டி ஒட்டுகிற ஓட்டோக்காரர். இல்லாதவர்கள்தான் அதிகம். முதலாளி மை வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தார். இசைச் சஞ்சிகையின் ஆசிரியரான சங்கீத ரீச்சர் தன் வீட்டில் இருந்து தலையங்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தா. அட்டையை வடிவமைத்த நான் அப்பாவுடன் கமநல சேவை நிலையத்தில் பசளைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அட்டையில் இருந்த தவில்காரர் சிவபாதம் ஐயா மல்லாவியில், தன் வீட்டு முற்றத்தில், நல்ல சுகத்தோடு தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார்.

நல்ல சுகத்தோடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு அரசாங்க நியமனம் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், எனக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கதிரையை விட்டுப் போகும்போது, கணினியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லித்தரப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிடக் கெதியாகப் பிடித்துவிடுவீர்கள். ஓர் அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏழு வருட வேலையில் நான் செய்த மிக நல்ல அட்டை அதுதான். அந்த எண்ணம் இன்னும் மாறவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை கண்டவன் நான் ஒருவன். அதனால் சொந்தக்காரர் எவருக்கு எந்த அரசாங்கக் கந்தோரில் அலுவல் என்றாலும் பேனையோடு நான் போகவேண்டும். உங்களில் யாராவது அப்படி இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். உங்கள் வாழ்க்கையின் முக்கியமான வேலை நடக்கும் நாளில் நீங்கள் ஏதோ ஒரு கந்தோரில் மர வாங்கில் குந்தியிருப்பீர்கள்.

இனி அட்டைக்கு வருவோம்.

இசைச் சஞ்சிகை என்றால் அட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் வீணை, வீணைக்குக் கீழே தாமரை, தாமரைக்குப் பக்கத்தில் மயிலிறகு. பின்னால் சூரியக் கதிர். மூலைகளில் வட்டம் வட்டமாக அனுசரணையாளர்களின் முகங்கள். எஞ்சிய இடத்தில் ஸ்வரங்கள் பறந்து திரியும். அந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்களை மேசையில் பரப்பினால் எது எந்த வருடத்து இதழ் என்று ரீச்சருக்கே தெரியாது. அவாதான் என்னிடம் வந்து, “தம்பி, இந்த முறை ஆரும் செய்யாத மாதிரி ஒண்டு செய்யுங்கோ” என்றா. அப்படி ஒரு சொல்லுக்காக நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன்.

வன்னியின் தவில்காரர்களைப் பற்றிய சிறப்பிதழ் அது. சிவபாதம் ஐயாவை ஒரு கோயில் மேளக்கச்சேரியில் படம் எடுத்தேன். தனி ஆவர்த்தனம் முடிந்து, கடைசி அடி விழுந்து, கைகள் அப்படியே நின்ற கணம். கண் மூடியிருந்தது. முகம் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. அந்த முகத்தில் இருந்தது களைப்பா ஆனந்தமா என்று சொல்ல முடியாது. நான் தவிலை வெட்டினேன். கைகளை வெட்டினேன். முகத்தை மட்டும் விட்டேன். நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். முகத்தை மேற்பாதியில் வைத்துக் கீழ்ப்பாதி முழுவதையும் வெள்ளையாக விட்டேன். அடி நின்ற பிறகு வரும் அமைதி அது. பார்க்கிறவனின் கண் முகத்தில் இருந்து இறங்கி அந்த வெள்ளைக்குள் விழவேண்டும், விழுந்து கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கவேண்டும். முகத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் அவருடைய பெயரும் ஊரும். சஞ்சிகையின் பெயரை இடது ஓரத்தில் செங்குத்தாக, மெல்லிய எழுத்தில் நிறுத்தினேன்.

ரீச்சர் பார்த்துக் கண்கலங்கினா. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவா ஏன் கண்கலங்கினா என்று அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும்.

வெளியீட்டு நாள் நெருங்கியிருந்தது. உள்பக்கங்கள் வரவில்லை என்றாலும் அட்டையையாவது முந்தி அடிக்கலாம் என்று, அதைக் கணினியில் ‘அவசரம்’ என்று இருந்த கோப்புறைக்குள் போட்டுவிட்டு அப்பாவோடு போனேன். எங்கள் அச்சகத்தின் வழக்கம் உங்களுக்கு இன்னும் பழகியிருக்காது. திருமண அழைப்பிதழ் காத்திருக்கும். கோயில் பிரசுரம் காத்திருக்கும். தேர்தல் பிரசுரமே காத்திருக்கும். செத்தவீட்டு வேலை மட்டும் காத்திருக்காது. அது வந்தால் மெஷினில் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அதை ஏற்றுவார்கள். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் போய் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்வதும் இல்லை. அடித்தவுடன் ஓட்டோக்காரர் பசை வாளியோடு புறப்பட்டுவிடுவார். ‘அவசரம்’ கோப்புறை அந்த வேலைகளுக்காக மெஷின் அண்ணை திறந்து வைத்திருந்தது. அவசரம் என்றால் அவசரம்தானே என்று நான் நினைத்தேன்.

மெஷின் அண்ணை இரக்கமுள்ள மனிதர். படத்தைப் பார்த்தவுடன் நெஞ்சில் கை வைத்தாராம். பிறகு, தம்பி அவசரத்தில் அரைகுறையாக விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்து, குறைகளை நிரப்பியிருக்கிறார். சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு வைத்தார். கீழே நான் விட்டிருந்த அமைதியில், “கிரியை விபரம் பின்னர் அறியத்தரப்படும்” என்று தடித்த எழுத்தில் போட்டார். ஓரத்தில் செங்குத்தாக நின்ற சஞ்சிகையின் பெயரைத் துயர் பகிரும் சங்கத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். சுவரொட்டி அளவுக்குப் பெருப்பித்தார். அடித்தார். ஓட்டோக்காரர் மாங்குளத்தில் இருந்து மல்லாவி வரைக்கும் ஒட்டினார்.

அடுத்த நாள் காலையில் நான் வேலைக்கு வர மல்லாவியில் பஸ்ஸுக்கு நின்றேன். சந்தைச் சுவரில் என் அட்டை. முதலில் எனக்கு வந்தது பெருமை. தூரத்தில் நின்று பார்த்தாலும் கண்ணை இழுக்கிறது. சுற்றி நிற்கும் தனியார் வகுப்பு விளம்பரங்களும் உழவு இயந்திர விளம்பரங்களும் அதற்குப் பக்கத்தில் சத்தம்போடுகின்றன, இது மட்டும் பேசாமல் நிற்கிறது. நல்ல வடிவமைப்பு என்றால் இதுதான் என்று கிட்டப் போனேன். கரையைக் கண்டேன். விளக்கைக் கண்டேன். கிரியை விபரத்தைக் கண்டேன். பக்கத்தில் சைக்கிளோடு நின்ற ஒருவர் பெருமூச்சு விட்டு, நல்ல மனிதன், போன கிழமையும் சந்தையில் கண்டதாகச் சொன்னார்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். வெட்டியவன் நான். அந்த வெள்ளையை விட்டவனும் நான். ஆனாலும் நம்பினேன். ஐயா உண்மையாகவே போய்விட்டார், அவசரத்துக்கு அச்சகத்தில் கிடந்த என் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவருடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அலோ, ஆர் கதைக்கிறது?”

“நான் அச்சகத்தில இருந்து. சிவபாதம் ஐயா எப்ப மோசம் போனவர்?”

மறுபக்கத்தில் ஒரு கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது.

“நான்தான் கதைக்கிறன் தம்பி” என்றது மறுபக்கம். “எனக்கும் இண்டைக்கு விடியத்தான் தெரியும்.”

பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய வீட்டுக்கு ஓடினேன். ஒழுங்கை முழுவதும் வெள்ளைக் கொடி. எங்கள் ஊரில் ஒரு சாவுச் செய்தி வந்தால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இளைஞர்கள் விடியமுன்னம் கொடியைக் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள். முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் இழுத்துக் கட்டியாகிவிட்டது. வாடகைக் கதிரைகள் வரிசையாக இருந்தன. முதல் கதிரையில் ஐயா இருந்தார். வந்தவர்கள் அவரிடமே துக்கம் விசாரித்தார்கள், வேறு யாரிடம் விசாரிப்பது? உள்ளே அவருடைய மனிசி, நாங்கள் தவமணி அக்கா என்று கூப்பிடுகிறவா, பெரிய கேத்திலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. ஐயா உயிரோடு இருக்கிறாரே, பிறகு எதற்கு அக்கா தேத்தண்ணி என்று கேட்டேன். அவா என்னைப் பார்த்த பார்வையில் கேத்தில் இன்னும் கொஞ்சம் கொதித்தது.

“செத்தவீட்டுக்கு எண்டு வந்த சனத்தை வெறும் வயித்தோட அனுப்பேலுமே? ஆள் சாகேல்ல எண்டது எங்கட பிழை. அதுகளின்ர பிழையில்ல.”

பெரும்பாலானவர்கள் ஐயாவைக் கண்டதும் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒருவர் மாலையோடு வந்து, அதைப் போடுவதா திருப்பிக் கொண்டுபோவதா என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயாவே எழும்பிப் போய்த் தலையைக் குனிந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். முல்லைத்தீவில் இருந்து அவருடைய ஒன்றுவிட்ட அக்கா வந்தா. ஒழுங்கை முகப்பிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. முற்றத்துக்கு வந்து ஐயாவைக் கண்டா. ஒப்பாரி நிற்கவில்லை. அவரைக் கட்டிப்பிடித்து இன்னும் பலமாக அழுதா. அழுது முடிந்து மூக்கைத் துடைத்துவிட்டு, “போயிட்டினம் எண்டு சொன்னதுகளில திரும்பி வந்தது நீ ஒருத்தன்தானடா” என்றா.

கதிரைகளில் இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பிறகு தவமணி அக்கா அவாவுக்கு மட்டும் பால் தேத்தண்ணி கொண்டுவந்தா.

அதுவரைக்கும் ஐயா பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மதியம் அளவில், ஐயா வருடாவருடம் தவில் அடிக்கிற பிள்ளையார் கோயிலின் தலைவரிடம் இருந்து தொலைபேசி வந்தது. துக்கம் விசாரிக்கத்தான் எடுத்தார். மகன் என்று நினைத்து ஐயாவிடமே சொல்லியிருக்கிறார்: திருவிழாவைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், யாழ்ப்பாணத்தில் இருந்து வேறு மேளக்காரரைப் பிடித்து முற்பணமும் அனுப்பியாகிவிட்டது, வெள்ளிக்கிழமைக் கொடியேற்றத்துக்கு அவர்கள் வருகிறார்கள். ஐயா தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு மாலையைக் கழற்றினார்.

விசயம் இதுதான். சுற்றுவட்டாரத்தில் அந்தக் கோயில்தான் முதல் திருவிழா. அங்கே தவில் அடித்தவரைத்தான் அடுத்தடுத்த கோயில்கள் கூப்பிடும். அங்கே கொடியேற்றத்துக்கு அவர் இல்லை என்றால் அந்த வருடம் முழுவதும் அவர் இல்லை.

“செத்ததைப் பற்றிப் பரவாயில்ல தம்பி” என்றார் என்னிடம். “வேலை போறதுதான் பிரச்சினை.”

கிளிநொச்சிக்குப் பஸ் பிடித்து அச்சகத்துக்குப் போனேன். முதலாளி வவுனியாவில் இருந்து வந்திருந்தார், முகம் வாங்கி வந்த மையைவிடக் கறுத்திருந்தது. ரீச்சர் ஒரு மூலையில் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தா. மெஷின் அண்ணை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அது சஞ்சிகை அட்டை” என்றேன்.

“சஞ்சிகை எண்டால் வீணை எங்க?”

அண்ணை துணியைக் கீழே வைத்தார். “கறுப்பு வெள்ளை. ஒரு ஆள். கண் மூடிக் கிடக்கு. பேர் கிடக்கு, ஊர் கிடக்கு. அவசரத்துக்குள்ள கிடக்கு. இதைப் பாத்திட்டு வேற என்னத்தை அடிக்கிறது? கரையில்லாமல் விட்டிருந்தால் குடும்பத்துக்கு மரியாதையே?” இன்றைக்குவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பாதிக்கு மேல் சொல்லித்தந்தவர் அவர்தான். வேகமாகவும் இரக்கமாகவும் வேலை செய்கிற ஒருவர், அந்த இரண்டினாலேயே எவ்வளவு தூரம் பிழையாகப் போகமுடியும் என்பதையும் அவரிடம்தான் படித்தேன்.

பின்னேரம் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். கோயில் வீதியில் மர வாங்கு போட்டுப் பரிபாலன சபை இருந்தது. ஐயாவைக் கண்டதும் தலைவர் எழும்பி நின்றார், பிறகு இருந்தார். உயிரோடு இருப்பது சந்தோசம்தான் என்றார். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, முற்பணம் போய்விட்டது. மற்றது, அஞ்சலி ஒட்டப்பட்ட ஆள் கொடியேற்றத்துக்கு முதல் அடி அடித்தால் ஊர் என்ன கதைக்கும்? சபையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். சாவுத் துடக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரு விவாதம் கிளம்பியது. செத்தவரே வந்து நிற்கும்போது துடக்கு யாருக்கு என்று கோயில் ஐயர் கேட்டார்.

ரீச்சர் எழும்பினா. அட்டையின் தாளை விரித்துப் பிடித்து வகுப்பு எடுப்பதுபோல் விளக்கினா. வழக்கமான சின்னங்களை மறுக்கிற முயற்சி இது, வாத்தியத்தைக் காட்டாமல் நாதத்தைக் காட்டுகிறது, கீழே உள்ள வெற்றிடம் மௌனத்தைக் குறிக்கிறது என்றா. நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்தான். அவா சொல்லக் கேட்கும்போது இன்னும் வடிவாக இருந்தது.

தலைவர் கண்ணாடியைப் போட்டுத் தாளைப் பார்த்தார். “அந்த மௌனத்திலதான் கிரியை விபரம் பின்னர் எண்டு கிடக்கு, ரீச்சர்.”

ரீச்சர் இருந்துவிட்டா. உங்களுக்கு ஒன்று: ஓர் அட்டையைப் பக்கத்தில் நின்று விளக்கவேண்டி வந்துவிட்டால், அந்த இடத்தில் அட்டை தோற்றுவிட்டது. உங்கள் வாயால் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. அன்றைக்கு அதைத் தூக்கி நிறுத்தியவர் அதில் முகமாக இருந்தவர்தான்.

சிவபாதம் ஐயா மெதுவாகத்தான் கதைத்தார். “நீங்கள் சொல்லுறது சரி, தலைவர். அவைக்கும் முற்பணம் குடுத்தாச்சு, வரட்டும். நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். இண்டைக்கு என்ர வீட்டு முத்தத்துக்கு வந்த சனம் உங்கட போன வருசத் தேருக்கு வந்ததோ?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“செத்தவன் தவில் அடிக்கிறானாம் எண்டால் வெள்ளிக்கிழமை எவ்வளவு சனம் வரும்?”

வாங்கில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொருளாளர் கச்சான், கடலைக் கடைகளுக்கு விடும் இடத்தை மனதுக்குள் அளப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மூத்தவர் ஒருவர், பொய்யாகச் சாவு கேட்டவனுக்கு ஆயுள் கெட்டி, அப்படிப்பட்டவன் முதல் அடி அடித்தால் ஊருக்கும் நல்லது என்றார். சற்று முன் துடக்கு என்று சொன்னவரும் அவர்தான். முடிவில் இரண்டு கூட்டமும் சேர்ந்து அடிப்பது என்று தீர்மானமானது. இரண்டாவது கூட்டத்தின் செலவு யாருடையது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் எங்கள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி மெஷின் அண்ணையைப் பார்த்தார். மெஷின் அண்ணை கோபுரத்தைப் பார்த்தார்.

கொடியேற்றத்துக்கு வந்த சனத்தை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். முல்லைத்தீவில் இருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். தனி ஆவர்த்தனத்தில் ஐயா கண்ணை மூடிக் கடைசி அடியை அடித்து, முகத்தைத் தூக்கி, கைகளை அப்படியே நிறுத்தினார். என் அட்டையில் இருந்த அதே முகம். வீதி முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. நான் விட்ட வெற்றிடம் அதுதான். அவ்வளவு சனமும் அதற்குள் நின்றது. யாரோ ஒரு பெண், “ஐயோ, திரும்பவும் போயிட்டாரோ” என்றா. ஐயா ஒரு கண்ணைத் திறந்தார்.

சஞ்சிகை ஒரு மாதம் பிந்தி வந்தது. அட்டையில் வீணை, தாமரை, மயிலிறகு, அனுசரணையாளர்களின் வட்ட முகங்கள். ரீச்சர் கேட்டபடி நானே செய்துகொடுத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை, ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவும் இல்லை.

பழைய அட்டையில் என்ன பிழை என்று நான் நெடுநாள் யோசித்தேன். முகம் பிழையில்லை. கறுப்பு வெள்ளை பிழையில்லை. வெற்றிடம்கூடப் பிழையில்லை. நான் அதைத் திரையில் பார்த்து, எங்கோ தூர நாட்டுச் சஞ்சிகைகளுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தேன். அது போய் நிற்கப்போவது மல்லாவிச் சந்தைச் சுவரில் என்று நினைக்கவில்லை. எங்கள் சுவர்களில் கண் மூடிய கறுப்பு வெள்ளை முகம் என்றால் சனத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் பழக்கம், அந்தப் பழக்கம் சண்டைக் காலத்துச் சுவர்களில் இருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே வழக்கத்தை உடையுங்கள், கட்டாயம் உடையுங்கள். ஆனால் வெற்றிடம் விட்டால், அதில் எழுத யார் வருவார் என்று பார்த்துவிட்டுக் கந்தோருக்குப் போங்கள். ‘அவசரம்’ கோப்புறையில் சாவைத் தவிர வேறு எதையும் போடவேண்டாம்.

திருவிழா முடிந்த கிழமை சிவபாதம் ஐயா அச்சகத்துக்கு வந்தார். மிச்சம் கிடந்த அட்டைத் தாள் ஒன்றை வாங்கிக் கன நேரம் பார்த்தார். படம் வடிவாக இருக்கிறது என்றார். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். “உண்மையா நான் போகேக்க இதையே போடுங்கோ, தம்பி. ஆனால் தவிலை வெட்டாதேங்கோ.” பிறகு சட்டைப் பையில் இருந்து தன் செத்தவீட்டுச் செலவுக் கணக்கை எடுத்து முதலாளியின் மேசையில் வைத்தார். சீனி, தேயிலை, அக்காவுக்கு மட்டும் பால், கதிரை வாடகை, தறப்பாள், கொடித் துணி, யாழ்ப்பாண மேளக்காரரின் பத்து நாள் கூலி. கடைசி வரியில், தன் அசல் அஞ்சலிக்கு அச்சுக்கூலி முற்பணம் என்று ஐயாயிரம் ரூபாயைத் தானாகவே கழித்திருந்தார். அது போக, ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.